மாமன்னரின் ஈறு

செஞ்சி
3.6.2025

புதுச்சேரி ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தைக் கட்டி ஆளும் என் அக்கா மகள் வெண்மதிக்கு,

மைக் செட் சக்கரவர்த்தி, மாமனும் மன்னனும் ஒன்றாய்ப் பிறந்ததால் மாமன்னர், பீமாராவ் எழுதுவது. நான் நலம். என் ஈறு மட்டும் நலமில்லை.

நேற்று அங்கே வந்து எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டும் ஈறு ரிப்போர்ட்டும் வாங்கினேன். மஜ்ஜையில் எல்லாம் நார்மல் என்று அச்சடித்துத் தந்துவிட்டார்கள். டாக்டரைப் பார்க்க ஐயாயிரம் பேர் வரிசை. மன்னர்கள் வரிசையில் நிற்பதுண்டா? பஸ் ஏறிவிட்டேன். இறங்கியதும் ஆட்டோவில் மைக்கைக் கட்டி, கடைவீதி முழுக்க அறிவித்தேன்: "பெருமக்களே! பீமாராவின் எலும்பைத் துளைத்துப் பார்த்ததில், அப்பழுக்கற்ற எலும்பு என்று தெரியவந்துள்ளது!" ராஜகிரிக் கோட்டை மேல் மேய்ந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். உன் அத்தை காத்தாயி கேசரி கிளறினாள்.

அதோடு வாயில் ரத்தம் வந்து பேச்சு நின்றது. ஈறு வீங்கிப் பல்லையே மூடிவிட்டது. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பும் வேண்டாம். புக்கிங் வருவதால் போன் எப்போதும் அத்தையிடம். ஈறில் வெட்டி எடுத்த துண்டின் ரிப்போர்ட்டில் எனக்கு விளங்காமல் ஏதோ நீளமாக எழுதியிருக்கிறது, அதை அவளிடம் நான் காட்டவில்லை. பதிலை ஜெயராமன் சைக்கிள் கடைக்கு அனுப்பு. ஈறு வற்ற ஒரு நல்ல மாத்திரை எழுது, போதும்.

இப்படிக்கு,
மாமன்னர் பீமாராவ்


புதுச்சேரி
6.6.2025

அன்புள்ள மாமா,

எனக்குக் கேசரி அனுப்பாத கோபம் ஒருபக்கம் இருக்கட்டும்.

உங்கள் ஈறுத் துண்டு என் மேசைக்குத்தான் வந்தது. பெயரைப் பார்த்ததும் வேறொருவரிடம் தந்திருக்கலாம். தரவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்க்க நானே சாயமேற்றி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் இருமுறை பார்த்துக் கையெழுத்திட்டார். ரத்தப் புற்றுநோய், மாமா.

மஜ்ஜையில் இல்லையே என்பீர்கள். தேர்த் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளை அறிவிப்பீர்களே, வளையல் கடையில் கிடைத்த பிள்ளை வளையல்காரர் பிள்ளையாகிவிடுமா? எலும்புக்குள் இருக்க வேண்டிய இந்த நோய், அபூர்வமாகச் சிலருக்கு ஈறிலோ தோலிலோ கண்ணுக்குப் பின்னாலோ முதலில் முளைக்கும். கிடைத்த இடம்தான் வேறு. விட்டுவைத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மஜ்ஜைக்கும் வந்துவிடும். வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு இப்போதே வைத்தியம் தொடங்க வேண்டும். முதல் தடவைக்கே ஒரு மாதம் படுக்க வேண்டியிருக்கும்.

செவ்வாய் 17ஆம் தேதிக்குக் கட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். மாத்திரை எழுதுவதாக இல்லை.

அன்புடன்,
வெண்மதி


செஞ்சி
9.6.2025

கட்டில் கொடுத்து மாமனைக் கட்டிப்போடப் பார்க்கும் வெண்மதி பாப்பாவுக்கு,

வளையல் கடையில் என்னை மடக்கிவிட்டாய். ஆனால் யோசித்துப் பார். முப்பது வருஷத்தில் நான் ஓர் அறிவிப்பைத் திரும்பப் பெற்றதில்லை. மழை கொட்டும்போது கூட்டம் உண்டு என்றேன். மழையே பயந்து பனமலைப் பக்கம் ஓடியது. இப்போது போய்ப் படுத்தால் ஊர் என்ன சொல்லும்? ஆட்டோ ஓட்டும் வீராசாமி நேற்றே கேட்டுவிட்டான்: "இன்னா தலைவரே, எலும்பு இரும்புன்னு சொன்ன, அப்புறம் வாய் ஏன் பலாப்பழமாட்டம் இருக்குது?" தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஆடி முழுக்கக் கூழ் ஊற்றும் புக்கிங் வேறு. ஆவணியில் வருகிறேன். கேசரி கிளறியவளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றும் தெரியவில்லை.

மாமன்னர்
(வாய் மூடிய நிலையில்)


புதுச்சேரி
11.6.2025

மாமா,

ஆவணி வரை அது காத்திருக்காது. நீங்கள் அறிவித்தது பொய்யில்லை, எலும்பு சுத்தம்தான். ஈறைப் பற்றிய மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

குணமாகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், டாக்டரும் செய்யவில்லை. வழி இருக்கிறது என்கிறார். எனக்கு அது போதும்.

செவ்வாய் காலை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீங்கள் வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் நான் வருவேன். வந்து உங்கள் மைக்கில் நானே பேசுவேன். என் கழுதைக் குரல் உங்களுக்குத் தெரியும்.

வெண்மதி


செஞ்சி
14.6.2025

வெண்மதி,

இரண்டு ரிப்போர்ட்டையும் உன் கடிதங்களையும் அத்தையிடம் கொடுத்தேன். படித்தாள். கையிலிருந்த கரண்டியால் என் முதுகில் ஒன்று வைத்தாள். "எனக்குத் தெரியாம இன்னாய்யா ரகசியம் உனக்கு?" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மைக்க எடு" என்றாள்.

திருத்த அறிவிப்பை நான்தான் எழுதினேன், நாலு பக்கம். பேச வாயில்லையே, அவளைப் படிக்கச் சொன்னேன். கடைவீதியில் ஆட்டோவை நிறுத்தி, என் நாலு பக்கத்தையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மைக்கைத் தொடாதவள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வூட்டுக்காரரு எலும்புல ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. அது நெசந்தான். ஈறுல ரத்தப் புற்றுநோய் வந்திருக்குது. அதுவும் நெசந்தான். செவ்வாக்கெழம வைத்தியத்துக்குப் போறோம். ஆடி புக்கிங் எதுவும் கேன்சல் இல்ல. நான் வந்து பேசுவேன்."

யாரும் கைதட்டவில்லை. வீராசாமிதான் இறங்கி வந்து, "ரத்தம் வேணும்னா சொல்லுக்கா, நாங்க நாலு பேரு வர்றோம்" என்றான்.

மைக்கை அணைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "சத்தம் போதுமாய்யா?" என்று கேட்டாள். போதும் என்று தலையாட்டினேன்.

செவ்வாய் முதல் பஸ்ஸில் இரண்டு பேர் வருகிறோம்.

உன் மாமா,
பீமாராவ்