திருப்பி வைத்துப் பார்க்காத மட்டம்

கோவில்பட்டி,
கார்த்திகை 27

அன்பு மகள் செல்வமாரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், புனேயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவிடமிருந்து கடிதமா என்று பயந்துவிடாதே, எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டபோதே சொல்லிவிட நினைத்தேன், ஆனால் சாப்பிட்டியா என்று கேட்டதோடு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். மழை இந்த வருஷம் பரவாயில்லை. பசுவந்தனை மாமா விதைத்த உளுந்து பூத்திருக்கிறது. நம் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய், அதற்கும் அம்மா என்னைத்தான் குறை சொல்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கழுகுமலை தீப்பெட்டி ஆபீஸ் ஆறுமுகசாமி அண்ணாச்சி மறுபடியும் நாற்பது மரத்தட்டு கேட்டிருக்கிறார், பெட்டி காயப்போடுகிற அதே தட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை என்று திருப்பி அனுப்பினாரே, அதே அளவுதான். இந்தத் தடவை பிசகக் கூடாது என்று ரம்ப மிஷினுக்கு, கட்டையை மேலே வைத்துத் தள்ளி அறுக்கப் புதிதாக ஒரு தள்ளுபலகை செய்தேன். அடியில் உள்ள இரண்டு பட்டையும் மேஜைக் காடிப் பள்ளத்தில் ஆடாமல், இறுக்கமும் இல்லாமல் ஓடுவதற்கே ஒரு நாள் முழுக்கச் சீவி மெழுகு தேய்த்தேன். கட்டையை அணைத்துப் பிடிக்கிற முன்சட்டத்தை ரம்பத்துக்குச் செங்கோணமாக நிற்கிறதா என்று என் மூலைமட்டத்தால் பார்த்து ஸ்க்ரூ முடுக்கினேன். பிறகு ஒரு பலகையை அறுத்து, ஒரு துண்டைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு வெட்டுமுனையையும் சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. முதலில் தரையைச் சந்தேகப்பட்டேன், கோடையில் கரிசல் வெடித்து மழையில் உப்பி, நம் பட்டறைத் தரை ஏறி இறங்குவது உனக்குத் தெரியும். மிஷின் காலுக்கு ஆப்பு வைத்து ரசமட்டம் பார்த்தேன். பிறகு கட்டையில் ஈரம் என்றேன், பிறகு பிளேடு வளைந்துவிட்டது என்று புதிது மாட்டினேன். நான்கு நாள் போனதுதான் மிச்சம். டீ கொண்டுவந்த அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, எல்லாத்தையும் மாத்திட்டிய, அந்த மட்டத்த மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கிய என்று கேட்டாள். உனக்கு என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உன் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீயும் இதைத்தானே சொன்னாய்.

அவள் உள்ளே போன பிறகு, நேரான விளிம்புள்ள பலகை ஒன்றை எடுத்து மட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டேன். மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போட்டேன். இரண்டும் ஒரே கோடாக விழ வேண்டும் அல்லவா, ஓர் அடி தள்ளி ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், விலகி நின்றது. திருப்பினால் பிசகு இரட்டிப்பாகத் தெரியும், அப்படியானால் மட்டம் அரை நூல் கோணல். அது புதூர் வீட்டு வேலையில் சாரத்திலிருந்து விழுந்தது, துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், அண்ணாச்சி திருப்பி அனுப்பிய தட்டுகளைச் செய்ததற்குச் சில மாதம் முன்னால். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அதைச் சோதித்ததில்லை.

அந்தத் தட்டுகளுக்காக நீ செய்த பழைய தள்ளுபலகை இன்னும் சுவரில்தான் தொங்குகிறது, இறக்கினேன். முன்சட்டத்தின் வலது முனையில் இரண்டு ஓட்டை, ஒன்று நீ போட்டது, ஒன்று நீ வைத்தது கோணல் என்று கழற்றி நான் போட்டது. சட்டத்தைக் கழற்றினால் அதன் அடியில் உன் பென்சில் கோடும், பக்கத்தில் சின்னதாகச் சரி என்று எழுதியதும் அழியாமல் இருக்கிறது. உன் ஓட்டையிலேயே ஸ்க்ரூவை முடுக்கி அறுத்துப் பார்த்தேன். கவிழ்த்துச் சேர்த்ததில் ஒரு மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. நாற்பது தட்டும் அதில்தான் அறுத்தேன்.

செல்வமாரி, அன்றைக்கு நீ மட்டத்த ஒரு தடவ திருப்பி வச்சிப் பாருங்கப்பா என்று எத்தனை பொறுமையாகச் சொன்னாய். இந்த மட்டம் நீ பெறக்கறதுக்கு முந்தி உள்ளது என்று கத்தினேன். அதோடு விட்டேனா, தட்டு திரும்பி வந்ததும் அண்ணாச்சி முன்னால், பொம்பளப்பிள்ள கையில மிஷின விட்டது என் தப்பு என்று சொன்னேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தப்பு என்னுடையது. உன் கை சரியாக இருந்தது. தட்டுகளோடு நானே கழுகுமலைக்குப் போய் ஆபீஸில் எல்லோரும் இருக்கும்போது அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் தட்டுகளை அடுக்கி அசைத்துப் பார்த்துவிட்டு, எங்கிட்ட சொல்லி என்ன வே செய்ய, அந்தப் பிள்ளகிட்ட சொல்லும் என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

பொங்கலுக்கு வருவாய் என்று அம்மா சொன்னாள். மூன்று வருஷமாக ஊருக்கு வருகிறாய், பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. அது எனக்குத் தெரியும், வலிக்கவும் செய்தது, ஆனாலும் ரோஷத்தில் கேட்காமல் இருந்தேன். இந்தத் தடவை உள்ளே வரவேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறேன். மனசு வராவிட்டால் அதற்கும் உன்மேல் கோபம் இல்லை. அங்கே மார்கழிக் குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ. வேலையிடத்தில் மிஷின் ஓடும்போது துப்பட்டா வேண்டாம். நீ எந்த ஊரில் இருந்தாலும் நல்ல பெயரோடு, நீண்ட ஆயுளோடு இருக்க சுடலைமாடன் துணையிருப்பார்.

ஒன்று மறக்காதே. வரும்போது ஓர் அடி மூலைமட்டம் ஒன்று வாங்கி வா. கடையிலேயே திருப்பி வைத்துப் பார்த்து வாங்கு. இங்கே வந்த பிறகு நான் சோதிக்க மாட்டேன், நீ பார்த்தால் போதும்.

அன்புள்ள அப்பா,
சோலைமுத்து