கடைசிக் குழாயில் 0.2

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். மோட்டோ சீட் சுடுகிறது. போத்தல் ஆறு, ஐஸ் பெட்டி, குழாய் வாயைச் சுட கேஸ் டார்ச், குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் மாத்திரை. தண்ணீர் ஆபீசுக்கு மாதச் சாம்பிள் எடுக்கும் நாள். கையுறையை மறந்து, பாதி வழியிலிருந்து புந்தோங் வீட்டுக்குத் திரும்ப ஓட்டம். கழுதை.

எஸ்டேட்டில் கடைசி வீடு, செல்லம்மாக்கா வீடு. ரப்பர் மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டாயிற்று. பழைய லயத்தில் பன்னிரண்டு வீடுதான் மிச்சம். பைப்பு அக்கா வீட்டோடு முடிகிறது. தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டேன். குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும். வரவில்லை. சீரோ. தாளில் 0.2 என்று எழுதினேன். அதற்குக் கீழே போனால் பெயில். இப்படி எழுதுவது இது நாலாவது மாதம்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். "அந்தக் கடைசி வீடு தூரம்லா கலா, ரீடிங் சரியில்லன்னா சாம்பிள் எடுக்குற எடத்த மெயின் ரோட்டுக் கடைக்கு மாத்திடலாம்" என்று சூப்பர்வைசர் எப்போதோ சொன்னார். கடைக்காரர் என்னைச் சாப்பிட்டியா என்று கேட்கமாட்டார். அக்கா கேட்கிறார். அம்மா போனபிறகு அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை.

"இன்னிக்கி மார்க்கு எப்படி தங்கச்சி? பாஸா?" எப்போதும் கேட்பதுதான்.

"பாஸுதான்கா."

"அப்ப ஒக்காரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. வெயில்ல கருவாடா காஞ்சிட்ட."

மார்ச் 6, வியாழன்

லேப்பிலிருந்து போன். கடைசிக் குழாயில் மலக்கிருமி. மற்ற ஐந்து போத்தலும் சுத்தம்.

மதியம் தோசை பாதியோடு வைத்துவிட்டேன். போத்தல் வாயில் என் கை பட்டிருக்கும். பட்டிருக்கட்டும் சாமி. தப்பு என் கையோடு போகட்டும்.

மார்ச் 7, வெள்ளி

மறு சாம்பிள். சொல்லாமல் எட்டு மணிக்கே போய் நின்றேன். மாத்திரை போட்டதும் நல்ல ரோஸ். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா கை நிறைய மாவோடு ஓடி வந்தார். "ஐயையோ, இன்னிக்கா வந்த? மலைத்தண்ணிய இன்னும் தொறக்கலியே!"

வீட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்பு பைப்பு. மலை ஓடையிலிருந்து வருகிறது. காலமான அவர் வீட்டுக்காரர் எஸ்டேட் காலத்தில் போட்டது, நம்ம பைப்போடு சேர்த்து ஒரு வால்வு. நான் வருகிற செவ்வாய்களில் மட்டும் அக்கா அதைத் திறந்துவிடுவாராம். இந்த நாலு மாதமாக. ஓடைத் தண்ணீரில் குளோரின் ஏது, அதுதான் சீரோ.

"மருந்து நாத்தம் அடிக்கிற தண்ணிய குடுத்து உன்ன பெயிலாக்கவா? மலைத்தண்ணிதான் சுத்தம். உனக்கு நல்ல பேரு வரட்டும்னுதான்லா."

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் நின்றது. மெயின் பைப்பில் அழுத்தம் குறைகிற நேரத்தில் வால்வு திறந்திருந்தால், ஓடைத் தண்ணீர் மெயினுக்குள் பின்னோக்கி ஏறி அடுத்த வீடுகளுக்கும் போகும். செவ்வாய்க்கிழமை எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று கேட்டேன். "மூடுனேனா... சாயங்காலந்தான் ஞாபகம் வந்திச்சி."

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே குடியிருக்கும் தேவியின் புருஷன் மட்டும் இருந்தான். எட்டு மாதக் குழந்தைக்கு புதன்கிழமையிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், தேவி அங்கேதான். "பிளாஸ்க்ல சுடுதண்ணி தீந்துபோச்சி. பைப்புத் தண்ணிலயே பால் கலக்கிட்டா. டெஸ்ட் பண்ணுன தண்ணிதானே கா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

மார்ச் 8, சனி

பன்னிரண்டு கதவிலும் நோட்டீஸ், மூன்று மொழியில்: தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும். ஆட்கள் வந்து கறுப்பு பைப்பை அறுத்து எடுத்தார்கள். அக்கா வாசலில் நின்று பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ சத்தமாக, "ஊருக்கே வெஷம் வச்சிட்டு நிக்கிறா பாரு."

ஆஸ்பத்திரி கார் பார்க் வரை போனேன். அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். கோழை.

மார்ச் 10, திங்கள்

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

ஆபீஸ். ரிப்போர்ட் தயார். காரணம்: குடியிருப்பவர் செய்த கள்ள இணைப்பு. சூப்பர்வைசருக்கு நிம்மதி. "அந்தம்மா செஞ்ச வேல. நம்ம பக்கம் கிளீன். ஒரு சைன் போடு கலா."

பேனாவை எடுத்தேன். கீழே வைத்தேன். நாலு மாதத் தாளையும் எடுத்து மேசையில் பரப்பினேன். இதெல்லாம் சீரோ, நான்தான் 0.2 எழுதினேன் என்றேன். முதல் மாதமே உள்ளதை எழுதியிருந்தால் அந்த வால்வை அப்போதே கண்டுபிடித்திருப்பார்கள்.

"ஏன் கலா? சோம்பேறியும் இல்லியே நீ."

ஒருத்தர் கையால் தேத்தண்ணி குடிக்க என்று ஆபீசில் எப்படிச் சொல்வது? வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை உண்டு.

மார்ச் 12, புதன்

தேவியின் புருஷனுக்குப் போன் போட்டேன். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. பால் குடிக்கிறது. "தாளுல பொய்யா எழுதுனீங்களாமே" என்றான். ஆமாம் என்றேன். வைத்துவிட்டான்.

குழந்தை பிழைத்ததே, அது போதும். இன்று யாரோடும் வேறு பேச்சு இல்லை. துணி துவைத்தேன். சாம்பார், ரசம். இரண்டும் மிச்சம்.

மார்ச் 16, ஞாயிறு

பெட்டியும் போத்தலும் இல்லாமல் எஸ்டேட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கை காலியாக இருப்பது என்னவோ போல.

அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இப்ப எந்தத் தண்ணிய பாக்க வந்த?"

"ஒன்னும் இல்லக்கா. உங்களப் பாக்கத்தான்."

கீரையைக் கீழே வைத்தார். "சீரோன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே மாசாமாசம் பாஸு பாஸுன்னு சொன்ன. நான் தெரியாமச் செஞ்சேன் கலா. நீ தெரிஞ்சே செஞ்ச."

தங்கச்சி என்று சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இதைப் படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அரை மணி நேரம் ஆகிறது. உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம். எத்தனை டம்ளருக்கு என்று தெரியவில்லை.