மலிகா கேட்ட கேள்விகள்

பிப்ரவரி 4, செவ்வாய்

சாயல்குடியில் ஏறும்போதே பஸ் நிறைந்துவிட்டது. ஏர்வாடி வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தேன். மாடியேறி வகுப்புக்குப் போனால் போர்டில் என் முகம். கண்ணாடியோடு வரைந்து வைத்திருக்கிறாள் மர்வா. மூக்கு மட்டும் அநியாயம். கல்யாணமாகி நாலு மாதம், துபாய் விசா வரும்வரை பொழுது போகவேண்டுமாம், அதற்காக இங்கிலீஷ் படிக்கிறாள். நன்றாகத்தான் போகிறது அவள் பொழுது.

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். மலிகா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். வழக்கம்போல ஐ, யூ, ஹி, ஷி என்று ஆரம்பித்தேன். ஐ ஆம், யூ ஆர், ஹி ஈஸ். எல்லாரும் ராகம் போட்டுச் சொன்னார்கள். மலிகா வாயே திறக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் வந்து நின்று, "எனக்குக் கேள்வி கேக்க மட்டும் சொல்லிக் குடுங்க, டீச்சர். பதில அவங்க சொல்லிக்கிருவாங்க" என்றார்.

எவங்க? எரிச்சலாக வந்தது. ஏழு வருடமாக இந்த வரிசையில்தான் நடத்துகிறேன். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பரிமாற இது என்ன ஓட்டலா?

பிப்ரவரி 6, வியாழன்

தர்காவுக்கு வரும் கூட்டத்தில் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. அந்தக் கோபத்தோடே போய் மலிகாவிடம், அப்படி என்ன கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்டதே நல்லது.

அவர் கணவர் சவுதியில் கட்டட வேலை பார்க்கிறார். போன மாதம் சாரம் சரிந்து விழுந்துவிட்டார். தாடை எலும்பு முறிந்து கம்பி கட்டியிருக்கிறார்களாம், பேச முடியாது. கம்பெனிக்காரர்கள் கணவரின் தம்பி காஜா நவாஸுக்குத்தான் போன் செய்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். வெளிநாட்டுச் சேதி எதுவானாலும் ஆண்களுக்குப் போகும். அவர்கள் கூடிப் பேசி, பெண்களுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று முடிவு செய்து, அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் காஜா நவாஸ் வருவார். "அண்ணன் நல்லா இருக்காரு மதினி. தாடைதான். ஆறிரும்."

ஆனால் விழுந்த மறுநாள் மலிகாவின் போனுக்கே ஒரு அழைப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ், பிலிப்பைன்ஸ் பெண்.

"பாவம், அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப ஏதோ கேட்டுச்சு. நான் எஸ் எஸ்ன்னேன். அது வச்சிருச்சு" என்றார் மலிகா. "எதுக்கு எஸ் சொன்னேன்னே தெரியல டீச்சர். அதான் தூக்கமே வரமாட்டேங்குது."

அந்த நம்பரை அழிக்காமல் வைத்திருக்கிறார். ஈஸ், கேன், டஸ் போட்டுக் கேட்டால் எதிரில் இருப்பவர் எஸ் என்றோ நோ என்றோ சொல்லித்தான் தீரவேண்டும். அந்த இரண்டும் அவருக்குத் தெரியும். ஆக, கேள்வி மட்டும் போதும். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தானாகவே யோசித்து வந்திருக்கிறார்!

பிப்ரவரி 11, செவ்வாய்

கேள்வியிலிருந்தே தொடங்கினேன். ஈஸ் ஹி... என்று சொன்னதும் மலிகா முகத்தைச் சுளித்தார்.

"ஹின்னா அவன் தானே? அவுகளப் போயி எப்படி அவன்ங்கிறது?"

இங்கிலீஷில் மகனுக்கும் ஹி, மாமனாருக்கும் ஹி, கலெக்டருக்கும் ஹி என்றேன். மர்வா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க வீட்டுக்காரவுகளுக்கு அதே போதும் டீச்சர்" என்றாள்.

மலிகா வீடு வரைக்கும் ஹி, ஹி என்று சொல்லிக்கொண்டே போனாராம். வழியில் ஒரு பாட்டி விக்கலா என்று கேட்டிருக்கிறார்.

பிப்ரவரி 20, வியாழன்

கீழே செல்போன் கடை வைத்திருக்கும் சுஐபு என்னை நிறுத்தினார். "டீச்சர், உங்க மலிகா அக்கா ரீசார்ஜ் பண்ண வந்து, ஈஸ் இட் குட், கேன் யூ டூ இட்ன்னு ஒரே கேள்வியா அடிச்சாக. என்ன சொல்றதுன்னு தெரியாம இயர்போன சும்மா குடுத்துட்டேன்."

மீன்காரரிடமும் இதே கதைதான். ஆட்டைக்கூட விடவில்லை, ஆர் யூ ஹங்ரி என்று கேட்டுவிட்டுத்தான் தழை போடுகிறாராம். கல்லூரியில் இந்த மொழியை ஐந்து வருடம் படித்தவள் நான். ஒருநாளாவது இவ்வளவு பசியோடு படித்தேனா? என்ன மனுஷி இவர்! பொறாமையாக இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. பாதிப் பேர் வரவில்லை. மலிகா வந்தார். உதடு காய்ந்திருந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, நம்பரக் குடுங்க. நானே பேசுறேன். ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தயும் கேட்டுச் சொல்லிர்றேன்" என்றேன். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நீங்க நல்லவுக டீச்சர். அதான் வேணாங்கிறேன். கேட்டுட்டு எங்கிட்டச் சொல்றப்ப பாதிய முழுங்கிருவீக. காஜா நவாஸும் நல்ல புள்ளதான்."

பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். ஆமாம், முழுங்கியிருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

"நடந்து முடிஞ்சதக் கேக்க என்ன போடணும்?"

டிட் என்றேன். டிட் ஹி, டிட் யூ, டிட் ஐ.

டிட் ஐ, டிட் ஐ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமை இங்கிருந்தே போன் போடப்போகிறாராம். வீட்டில் வைத்துப் பேசினால் மகள் லாமியா காதில் விழும், ஒன்றாம் வகுப்புக் குழந்தை. நான் பக்கத்தில் இருக்கவேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் நிபந்தனை.

மார்ச் 20, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

மற்றவர்களை அனுப்பிவிட்டேன். மர்வா மட்டும் போகமாட்டேன் என்று கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். மலிகா ஸ்பீக்கரில் போட்டார். அதே நர்ஸ்தான் எடுத்தது. பேஷன்ட் பெயர் என்ன என்று கேட்டது.

மலிகா திகைத்துப்போனார். இத்தனை வாரத்தில் அவுக, அவுக என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். கணவர் பெயரைச் சொல்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, "ஜாபர் சாதிக்" என்றார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

பிறகு, "ஐ ஆம் ஹிஸ் வைஃப். ஐ ஆஸ்க். யூ சே எஸ் ஆர் நோ. ப்ளீஸ்."

ஈஸ் ஹி அவேக்? எஸ். ஈஸ் ஹி ஈட்டிங்? அந்தப் பெண் குழாய், கஞ்சி என்று நீளமாக ஏதோ ஆரம்பித்தது. மலிகா விடவில்லை. "ப்ளீஸ். எஸ் ஆர் நோ." எஸ். கேன் ஹி சீ? எஸ். கேன் ஹி ஹியர்? எஸ். ரைட் ஹேண்ட் ஓகே? லெஃப்ட் ஹேண்ட்? ரைட் லெக்? எஸ், எஸ், எஸ்.

"ஈஸ் லெஃப்ட் லெக் ஓகே?"

வார்டில் ஏதோ மெஷின் சத்தம். பிறகு அந்தப் பெண் மெதுவாகப் பேச ஆரம்பித்தது. டாக்டர், கம்பெனி, தம்பிக்கு அப்போதே தகவல் சொல்லியாயிற்று... எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஐயோ, ஏன்டா புரியுதுன்னு இருந்துச்சு. மலிகாவுக்குப் புரியவில்லை. என் பக்கம் திரும்ப வந்தவர், பாதியிலேயே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை.

"ஈஸ் லெஃப்ட் லெக் தேர்?"

"நோ, மேடம். ஐ ஆம் சாரி."

மர்வா வாயைப் பொத்திக்கொண்டாள். மலிகா அழவில்லை. இன்னொரு கேள்வி பாக்கி வைத்திருந்தார்.

"ஃபர்ஸ்ட் கால். யூ ஆஸ்க். ஐ சே எஸ், எஸ். டிட் ஐ சே எஸ்... கட் லெக்?"

இத்தனை நாள் இதைத்தான் சுமந்துகொண்டிருந்தாரா! எனக்கு ஏன் தோணவே இல்ல?

"நோ, நோ, நோ, மேடம்!" அந்தப் பெண்ணின் குரல் உடைந்துவிட்டது. "ஐ ஒன்லி ஆஸ்க், ஆர் யூ தி வைஃப்?"

ஆர் யூ தி வைஃப். முதல் பாடம். அது அவருக்குப் புரிந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "கேன் ஹி ஹியர் மீ? நவ்?" என்றார். நர்ஸ் நடந்து போகும் சத்தம். போனைக் காதில் வைத்திருக்க வேண்டும், மூச்சு கேட்டது.

"ஏங்க, நான்தேன். ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். லாமியா நேத்து அரை நோன்பு புடிச்சா. மத்தியானம் பிஸ்கட்டத் தின்னுட்டு இல்லன்னு சாதிக்கிறா. நீங்க பேச வேணாம், கேட்டுக்கிட்டு இருங்க."

கால் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வேகமாக வந்தது. மலிகா போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நானும் மர்வாவும்தான் அழுதோம்.

மார்ச் 21, வெள்ளி

இன்று காஜா நவாஸ் வந்து நல்லா இருக்காரு என்று சொல்லியிருப்பார். மலிகா என்ன சொல்லியிருப்பார்?

ஏப்ரல் 8, செவ்வாய்

காஜா நவாஸிடம் அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கே புகழ், என்றாராம். "அதத் தவிர என்னத்தச் சொல்ல?"

தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள். இப்போது கணவரே பேசுகிறார். அவரும் மறைக்கிறார்! காலில் சுளுக்கு, கொஞ்சம் ஓய்வு எடுத்தால் போதும் என்கிறாராம். வீடியோவில் வருவதில்லை.

தெரியும் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். கோபமாகவே கேட்டேன்.

"நான் பயந்துருவேன்னு அவுக பயப்படுறாக. தெரியும்ன்னு போன்ல சொன்னா அங்கன தனியாக் கெடந்து அழுவாக. பக்கத்துல ஒரு ஆளு கெடையாது. இங்க வரட்டும்."

நர்ஸுக்கு மட்டும் வாரம் ஒருமுறை போன். ஈஸ் தி வூண்ட் டிரை? ஈஸ் ஹி கிரையிங்? டஸ் ஹி ஸ்லீப்? இந்தக் கேள்விகளையெல்லாம் நான் எழுதித் தரவில்லை.

மே 13, செவ்வாய்

மர்வா துபாய் போய்விட்டாள். போர்டு சுத்தமாக இருக்கிறது, பிடிக்கவில்லை.

மலிகா தவறாமல் வருகிறார். இன்று வில் ஹி வாக்? என்று கேட்டாராம். எஸ், மேடம், செயற்கைக் கால் வைத்து நடப்பார் என்றதாம் அந்தப் பெண். இந்த முறை நீளமான பதில் முழுக்கப் புரிந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுவதை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கிறது. ஜாபர் சாதிக் இன்று வந்துவிட்டார்.

மலிகா கூப்பிட்டிருந்ததால் வகுப்பை விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். இதுவரை அந்தத் தெருவுக்குப் போனதில்லை. நான் போன கொஞ்ச நேரத்தில் மதுரையிலிருந்து வேன் வந்தது. தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு காஜா நவாஸ் மட்டும் இறங்கி வந்தார். வேர்த்து ஊற்றியது. வாசலில் நின்று, "மதினி, ஒண்ணு சொல்லணும். மனசத் தேத்திக்கிட்டு..." என்றார்.

"இடது காலுதானே, தம்பி? முட்டுக்குக் கீழ. தெரியும். வண்டிக்குள்ள அவுக வெயில்ல வேகுறாக, மொதல்ல கொண்டாங்க."

காஜா நவாஸ் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தேன்.

சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். அந்த வெயிலில் இடுப்பு வரை போர்வை. மனிதர் தலை நிமிரவில்லை. மலிகா தெருவில் இறங்கிப் போய் அந்தப் போர்வையை எடுத்து, மடித்து, தன் தோளில் போட்டுக்கொண்டார். "இந்த வெக்கையில இது எதுக்கு?" என்றார். அப்போதுதான் அவர் நிமிர்ந்து மனைவி முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியேற்ற நாலு ஆட்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குனிந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசலில் படி இல்லை. தெருவிலிருந்து நடைக்கதவு வரை சிமென்ட் சரிவு, வழுக்காமலிருக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. ஜாபர் சாதிக் சக்கரத்தைத் தானே உருட்டி, யார் கையும் படாமல் தன் வீட்டுக்குள் போனார்.

"இது எப்பப் போட்டது, மதினி?" என்று கேட்டார் காஜா நவாஸ்.

"நோன்புப் பெருநாள் முடிஞ்ச வாரம். லாமியா சைக்கிளுக்குன்னு சொன்னேன்ல?"

அவர் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் இதில் ஏறி வந்துதான் அண்ணன் நல்லா இருக்காரு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று மலிகா கூப்பிட்டார். "அண்ணன் கேக்குறாக. டீ ஆறுது."