அங்கத்தவர் இலக்கம் ஒன்று

2024 மே 4, சனி

நான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கக் கடையில் இன்று ஆட்கள் குறைவு. தராசுக்குப் பக்கத்தில் இருந்தே சபை வரலாற்றின் முதல் பக்கத்தை எழுதி முடித்தேன். முப்பதாம் ஆண்டு மலருக்கு. ‘1994இல் விசுவமடுவுக்குப் பக்கத்தில், கமலேஸ்வரி அக்காவின் கிடுகுக் கொட்டிலில் ஐந்து பேருடன் தொடங்கிய எங்கள் பப்திஸ்து சபையின் அங்கத்தவர் இடாப்பு, இன்று நூற்றெண்பத்தாறாம் இலக்கத்தில் நிற்கிறது.’ நான்கு தடவை வாசித்துப் பார்த்தேன். சபைச் செயலாளர் பெருமைப்படக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. இரண்டு முறை கூரை போனது, ஒரு முறை ஊரே போனது. சபை போகவில்லை.

புதிய ஞானஸ்நானத் தொட்டிக்குக் கல்வெட்டும் சொல்லியாயிற்று. ‘இச்சபையில் முதல் ஞானஸ்நானம் பெற்றவர் கமலேஸ்வரி கணபதி, 1994.’ என் யோசனைதான். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

மே 9

கல் வந்துவிட்டது. எழுத்து நல்ல ஆழம்.

மே 12, ஞாயிறு

திறப்பு நாள்வரை பொறுத்திருக்கலாம். எனக்கு எங்கே பொறுமை? ஆராதனை முடிந்ததும் அக்காவைக் கூட்டிப் போய்த் துணியை விலக்கிக் காட்டினேன். வாசித்தார். கதிரையில் இருந்துவிட்டார்.

“ரூபி, நான் ஞானஸ்நானம் எடுக்கேல்லை.”

பகிடி என்றே நினைத்தேன். இல்லை. அன்று வாய்க்காலில் இறங்கியவர்கள் நான்கு பேர்தானாம். அக்கா தலை துவட்டத் துவாய்களோடு கரையில் நின்றாராம். ஒருத்தி வழுக்கி விழ, பிடிக்கப் பாய்ந்து கழுத்துவரை நனைந்தாராம். அந்த ஈரச் சீலையைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்கள்.

“இவர் முதலே சொல்லிப்போட்டார். ஆரையெண்டாலும் கும்பிடு, தண்ணியிலை இறங்கினா வீட்டுக்கு வராதை எண்டு. இறங்கமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தனான்.”

இவர் என்றது கணபதி அண்ணையை. பிள்ளையார் கோயிலே கதியென்று இருக்கிறவர்.

முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவர் எங்கள் சபையில் அங்கத்தவரே இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு எப்படி இடாப்பில் முதல் பெயர்?

பழைய இடாப்பு 2009 யுத்தத்தில் எல்லாவற்றோடும் போனது. செட்டிகுளம் முகாமில், நிவாரணப் படிவத்தின் பின்பக்கத்தில், ஞாபகத்தில் இருந்த பெயர்களை எழுதினோம். முதலில் எல்லோர் வாயிலும் வந்தது அக்காவின் பெயர். “எத்தினை பேரைக் காணேல்லை எண்டு எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. இருக்கிற பேரை வெட்டுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது, ரூபி?”

நியாயந்தான். ஆனாலும் சரியான கோபம். பதினைந்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன்?

“தாளிலை கிடந்துது, கிடக்கட்டும் எண்டு விட்டன். கல்லிலை வேண்டாம்.”

மே 13

மறைத்துவிடலாமா? அந்த நால்வரில் மூன்று பேர் உயிரோடு இல்லை, ஒருவர் கனடாவில். யார் கேட்கப் போகிறார்கள்?

நான் கேட்பேன். அதுதானே தொல்லை.

மே 19, ஞாயிறு

சபைக் கூட்டம். எங்கள் சபையில் எதையும் போதகர் தனியே தீர்மானிப்பதில்லை. அங்கத்தவர்கள் கை உயர்த்த வேண்டும். அக்கா தானே எழுந்து எல்லாவற்றையும் சொன்னார்.

பிறகு பிரதீபன் எழும்பினார். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவர். “2013இலை இந்தக் காணியை எடுக்கிறதோ விடுறதோ எண்டு வாக்கெடுத்தம். முப்பத்தொண்டுக்கு முப்பது. அக்கான்ர கையும் அந்த முப்பத்தொண்டிலை ஒண்டு. அப்ப கட்டடமே செல்லாத வாக்கிலைதான் நிக்குது.”

போதகர் நிஷாந்தன் குனிந்துகொண்டார். தோள் குலுங்குவதைக் கண்டேன். பிறகு சபை முழுவதும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

“இப்ப முழுக்கு எடுக்கலாந்தானே அக்கா?” என்றார் போதகர்.

“அவரைக் கேட்டிட்டு.”

இந்த வயதிலும் புருசனின் அனுமதியா என்று எனக்குச் சுர்ரென்றது. அக்காவுக்கு என் முகம் விளங்கிவிட்டது. “அனுமதி இல்லை, ரூபி. குடுத்த வாக்கைத் திருப்பி வாங்கவேணும்.”

மே 21

அக்காவோடு அவர் வீட்டுக்குப் போனேன். கணபதி அண்ணை பயிற்றங்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். அக்கா சொல்லச் சொல்லக் கேட்டார். மோட்டரை நிற்பாட்டினார்.

“அண்டைக்கு நீ ஈரச் சீலையோட வந்தனி. இறங்கீட்டாய் எண்டுதான் நினைச்சன்.”

“முப்பது வருசமாவோ?”

“ஓம்.”

“ஒண்டும் கேக்கேல்லையே.”

“கேட்டா நீ ஓமெண்டுவாய். பிறகு சொன்ன சொல்லுக்கு உன்னைப் போகச் சொல்லவேணும். அதுதான் கேக்கேல்லை.”

அக்கா வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் தன் சொல்லை விழுங்கியிருக்கிறார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. தேத்தண்ணீர் குடிக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 26

கல்லை என்ன செய்வது? பிரதீபன்தான் வழி சொன்னார்: குப்புறப் போட்டுத் தொட்டிக்கு முதல் படியாக்குவோம். எல்லோரும் கை உயர்த்தினார்கள். அக்கா மட்டும் உயர்த்தவில்லை. “எனக்கு வாக்கில்லையே” என்றார்.

ஜூன் 2, ஞாயிறு

தொட்டித் திறப்பு. முழுக்குக்குப் பதினொரு பேர். அக்கா கடைசியாகத்தான் இறங்குவேன் என்று பிடிவாதம். அந்தக் கல்லில் கால் வைத்து இறங்கினார். தண்ணீரிலிருந்து எழும்பும்போது சபை பாடியது பக்கத்து வயல்வரை கேட்டிருக்கும். எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. மலரின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இனி இப்படித் தொடங்கும்: ‘இந்தச் சபையைத் தொடங்கியவர் முப்பது வருடம் இதன் அங்கத்தவராக இருக்கவில்லை.’

நெற்றி நிறையத் திருநீற்றோடு கணபதி அண்ணை தொட்டிக் கரையில் துவாயோடு நின்றார். அக்காவைப் போர்த்திவிட்டு, இடாப்போடு இருந்த என்னிடம் வந்தார்.

“பிள்ளை, இந்த முறை திகதியைச் சரியா எழுதுங்கோ.”

இடாப்பின் முதல் வரியை அடிமட்டம் வைத்துக் கோடிட்டு வெட்டினேன். கடைசி வரிக்குப் போனேன்.

197. கமலேஸ்வரி கணபதி. 2024 ஜூன் 2.