கிறிஸ்ரோபர் கிடக்கும் ஊர்

14.9.2025, குருநகர்

மூத்த பேத்தி றொசாந்தி லண்டனில் தாதி. ஜெரிசன் என்ஜினியர், அங்கே ஒரு பாலம் கட்டினதில் அவன் கையும் இருக்கிறதாம். சின்னவள் லவீனா வயலின் வாசித்துக் கிண்ணம் வாங்கியிருக்கிறாள். மூன்று பேரும் என் மகன் கிறிஸ்ரோபரின் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்? பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு அருமைநாயகியிடம் எல்லாம் சொன்னேன்.

"போன கிழமையும் இதைத்தானே சொன்னனீ" என்றாள்.

சொன்னால் என்ன? றொசாந்தியிடம் புதுப் படமொன்று தபாலில் போடச் சொல்ல வேண்டும். போனில் வருவதைச் சுவரில் கொழுவ ஏலாது.

18.9

விசா கிடைத்துவிட்டது. ஜெரிசன் ஒஸ்ரியாவுக்குக் கூட்டிப் போகிறான்.

கிறிஸ்ரோபர் அங்கே செத்தபோது இங்கே சண்டை, பாதை பூட்டு. பிள்ளைக்கு ஒரு பிடி மண் போட எனக்குக் கிடைக்கவில்லை. அவன் கிடக்கிற இடத்தைத் தொட்டு ஒருதரம் செபமாலை சொல்ல வேண்டும். அது போதும்.

11.10, கிரெம்ஸ்

பழைய ஊர். கல் பாவிய ஒடுங்கின தெருக்கள். பக்கத்தில் டன்யூப் ஆறு — இவ்வளவு தண்ணீர், உப்பு மணமே இல்லை.

"அப்பம்மா, இந்த வாசலைப் பாருங்கோ, ஐந்நூறு வருசப் பழசு."

கோயில் காட்டினான், கப்பல் காட்டினான், ஐஸ்கிறீம் வாங்கித் தந்தான். மத்தியானமும் போய்விட்டது.

"தம்பி, ஊர் வடிவுதான். என்ரை பிள்ளையைக் காட்டு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கல்லின் முன்னால் போய் நின்றான். கல்லில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் படம்.

"இடம் பத்து வருசத்துக்குத்தான் தருவினம், அப்பம்மா. பிறகும் வேணுமெண்டால் எழுதிக் குடுக்கோணும். நாங்கள் லண்டனுக்குப் போயிட்டம்... குடுக்கேல்லை."

"அப்ப என்ரை பிள்ளை எங்கை?"

"கீழைதான் இருப்பார்."

எங்கள் சேமக்காலையிலும் குழிக்கு மேல் குழி வெட்டுவார்கள். ஆனால் அப்பனுக்கு மேல் பிள்ளை, புருஷனுக்கு மேல் பெண்சாதி. இது ஆர்? ஆரெண்டே தெரியாத ஒரு மனுசி என்ரை பிள்ளைக்கு மேலை — மூண்டு பேர் இருந்தீங்களே. மூண்டு படிச்ச பிள்ளையள்.

செபமாலை கையிலேயே இருந்தது. வாய் வரவில்லை.

12.10

ஜெரிசன் அழுதான். நான் பெட்டியை அடுக்கினேன்.

2.11, குருநகர்

இன்று மரித்தோர் திருநாள்.

என் புருஷன் சந்தியோகுவின் கல்லறைக் கல்லில் என் பெயருக்கென்று பாதியை வெறுமையாக விட்டிருந்தோம். நேற்று கல் வெட்டுகிற தம்பிஐயாவைக் கூப்பிட்டு, அதில் கிறிஸ்ரோபரின் பெயரை வெட்டச் சொன்னேன்.

"அப்ப உங்கடை பேரை எங்கை வெட்டுறது ஆச்சி? கல்லின்ரை முதுகிலையோ?"

"நான் உதுக்குள்ளைதானே கிடக்கப் போறன். உள்ளை இல்லாதவனுக்குத்தான் பேர் வேணும்."

அவன் உளியை எடுத்தான்.

பின்னேரம் பங்குச் சுவாமி வந்து ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளித்தார். அவனுடைய பெயரிலும் பட்டது.