ஆறு கைகளில் ஒரு பாட்டு

எருமப்பட்டி
ஆங்கிரச வருஷம், மார்கழி 9

கண்டித் தோட்டத்தில் இருக்கும் என் மாமாவுக்கு, மாரக்காள் கும்பிட்டு எழுதுவது. நானும் நம் பிள்ளையும் நலம். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. குளிருக்கும் அட்டைக்கும் உடம்பைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக் கிணற்றில் உங்களோடு மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காளியப்ப அண்ணன் புரட்டாசியில் காய்ச்சலில் போய்விட்டார். அவர் கட்டுவது கூலிக்காரர்களைக் கிளப்பிவிடுகிற பாட்டு என்று போலீஸில் பிடித்து மூன்று மாதம் உள்ளே வைத்து, எலும்பும் தோலுமாக வெளியே அனுப்பினார்கள். உங்கள் கூட்டாளியைப் பற்றி இதை எழுதக் கை வராமல்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். குரல் என்னவோ ஓட்டைச் சால் மாதிரிதான். ஆனால் மாடு பின்னுக்கு ஏறும்போது ஒரு வரி, முன்னுக்கு இறங்கும்போது ஒரு வரி என்று அவர் கட்டிய பாட்டிலெல்லாம் நாம்தான் இருந்தோம். களை வெட்டுகிறவளுக்கு இடுப்பு வலிக்கும் என்று அதற்கு முன் எந்தப் பாட்டும் சொல்லி நான் கேட்டதில்லை.

கருமாதி அன்றைக்கே போலீஸ் வந்து, படையல் இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பாட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனது. அவர் பெண்சாதி சென்னியம்மாள், எழுதுனது போச்சு புள்ள, மனசுல இருக்கறதும் போயிருமோன்னு பயமா இருக்குது என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஐப்பசியில் பச்சை குத்தும் குறத்தி வந்தாள். தேளும் கோலமும் குத்துகிற கையில் பாட்டைக் குத்தினால் என்ன என்று தோன்றியது. மிஷன் பள்ளியில் மூன்றாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும் என்று, ஆறு பெண்களின் கையிலும் ஆளுக்கொரு வரியை மையால் எழுதினேன். குறத்தி அதன்மேலேயே ஊசியை ஓட்டினாள். முதலில் கையை நீட்டியவள் சென்னியம்மாள். என் கையில் 'விதைத்த கைக்கு வெறுங்கையா' என்ற வரி. மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. இப்போது நாங்கள் வரிசையாக நின்று கடலைச் செடி பிடுங்கினால், எழுத்துத் தெரிந்தவர்கள் அந்தப் பாட்டைப் படித்துக்கொண்டே போகலாம்.

பண்ணையக்காரருக்கும் எழுத்துத் தெரியுமே! நாங்கள் கடலை பிடுங்க இறங்கிய மறுநாளே, பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் தம் காரியக்காரரான சின்னண்ணனை அனுப்பினார். ரவிக்கை போட்டுக் கையை மறச்சுக்கிட்டு வாங்கடி, இல்லீன்னா கடலைக் காட்டுப்பக்கம் தலை வெச்சும் படுக்காதீங்க என்றார் சின்னண்ணன். போன மாசித் திருவிழாவுக்கு ரவிக்கை போட்டு வந்த பொன்னாயியை, கூலிக்காரிக்கு ரவிக்கையா என்று நடுத்தெருவில் நிறுத்தி அதைக் கிழித்தவர் இதே சின்னண்ணன்தான். ஏனுங்க, போட்டாலும் குத்தம், போடாட்டியும் குத்தமுங்களா என்று கேட்டேன்.

நீங்கள் அனுப்பிய பூப்போட்ட துணி பெட்டியில்தான் இருக்கிறது. ரவிக்கை போட எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் மறைக்கச் சொன்னதற்காகப் போட மாட்டேன். என் ஆசைக்கு நான் தைக்கிற நாளில், வரி தெரிகிற மாதிரி கையைக் குட்டையாக வைத்துத் தைப்பேன்.

எட்டு நாளாக நாங்கள் ஆறு பேரும் காட்டுக்குப் போகவில்லை. எங்களைப் பார்த்து மற்றப் பெண்களும் போகவில்லை. அடுப்பில் வெறும் கீரைதான் வேகிறது, பிள்ளை முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மண்ணும் காய்ந்து இறுகிக்கொண்டு வருகிறது. இன்னும் நாலு நாள் போனால் செடியைப் பிடுங்கினாலும் காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். இது பண்ணையக்காரருக்கும் தெரியும். முதலில் இறங்கி வருவது நாங்களாக இருக்க மாட்டோம்.

ஒரே ஒரு குறை. அந்தப் பாட்டில் ஏழாவதாகவும் ஒரு வரி உண்டு. அது எங்களில் யாருக்கும் சரியாக நினைவில்லை. அண்ணன் அதைக் கட்டியபோது கிணற்று மேட்டில் கூட நின்றவர் நீங்கள்தான். அதைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். நான் எழுதுவதை நானே தபாலில் போட்டுவிடுகிறேன், ஆனால் உங்கள் கடிதங்களைப் பண்ணையில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கொடுக்கிறார்கள். காகிதம் என்றால் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த வரியை உங்கள் கையில் குத்திக்கொண்டு நீங்களே வந்து சேருங்கள், மாமா. வரிசையில் என் பக்கத்து இடம் நாலு வருஷமாகக் காலியாகத்தான் இருக்கிறது.

உங்கள்
மாரக்காள்