காரில் உட்கார்ந்திருந்தவர்

ஹார்ஷம்,
6 ஜூன் 1993

அன்பு மகள் நரெலுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

இங்கே மூன்று நாளாக மழை. நான் பார்த்துக்கொள்ளும் கேரவன் பூங்காவில் நான்கு வீட்டு வண்டிகள்தான் நிற்கின்றன. ஏழாம் எண்ணில் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி பொதுக் குளியலறையின் சோப்பை எடுத்துப்போகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு சோப்பிலும் ஆணியால் ஒரு குறி கீறி வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய கட்டுரை கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பின் இறுதி மதிப்பெண்ணில் சேரும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்புக்கு அதைத்தான் கொடுக்கப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். ஏ பிளஸ் வாங்காவிட்டால் மெல்பர்னில் சட்டம் படிக்கும் பேச்சுக்கே இடமில்லை என்றும் எழுதியிருக்கிறாய். சரி. இரண்டு சின்னக் கேள்விகள். அதைத் தட்டச்சு செய்தது யார்? உன் ஆசிரியைக்கு முன்னால் வேறு யாராவது படித்தார்களா? தொகுப்பு வீட்டில் எழுதப்படுவது என்பதால்தான், வரைவுகளைப் பார்த்து "இது இவளே எழுதியது" என்று ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதியே வந்தது. அந்தக் கையெழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு மெல்பர்னில் யாருக்கும் தெரியாது.

குளிருக்கு அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். அதை நான் வாங்கிக் கொடுத்தேன் என்பதற்காக ஒதுக்கிவைக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

மெல்பர்ன்,
12 ஜூன் 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இதோ எழுதிவிட்டேன், இனி நீங்கள் நம்பச் சிரமப்பட வேண்டாம். பச்சைச் சட்டையின் கை இப்போது முழங்கைக்குக் கொஞ்சம் கீழேதான் வருகிறது. நான் வளர்ந்துவிட்டேன், அப்பா.

தட்டச்சு செய்தது நான். நீலின் கணினியில். நீல் அம்மாவோடு இங்கே வாழ்கிறவர், அதோடு பத்திரிகையில் வேலை பார்க்கிறவர் என்பதால் அவர் கைபட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள். அச்சாகி வந்த தாளை ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தார். "கமாவை எல்லாம் உப்பு மாதிரி தூவிருக்கியே, கொஞ்சம் குறைச்சுக்கயேன்" என்று சொல்லிவிட்டு, வானொலியில் கால்பந்து கேட்கப் போய்விட்டார். நான் குறைக்கவில்லை. அம்மா இன்னும் படிக்கவே இல்லை. நான் கொடுக்கவில்லை.

திருமதி பப்பாஸ் எல்லா வரைவுகளையும் பார்த்திருக்கிறார். நான்கு வரைவுகளும் பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. கடைசி வரைவைப் படித்துவிட்டு, "இனி இதுல கை வைக்காதே கண்ணு, வச்சா கெட்டுப்போயிடும்" என்றார். அவர் யாரையும் கண்ணு என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நீங்கள் கேள்விகள் கேட்டீர்கள். கட்டுரை எப்படி இருந்தது என்று மட்டும் எழுதவில்லையே?

சோப்புத் திருடர்கள் அகப்பட்டார்களா?

அன்புடன்,
நரெல்

ஹார்ஷம்,
20 ஜூன் 1993

அன்பு மகள் நரெலுக்கு,

எப்படி இருந்தது என்று கேட்கிறாய். நன்றாக இருந்தது. அதுதான் என் கவலை.

வேலையை விட்டுவிட்ட ஓர் ஆசிரியர். வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பி, பழைய பள்ளிக்கு எதிரே இருக்கும் விளையாட்டு மைதானத்தில் காரை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறார். பத்து ஐம்பதுக்கு இடைவேளை மணி கேட்டால்தான் வெஜிமைட் தடவிய ரொட்டியைப் பிரிக்கிறார். சாப்பிட்டதும் காகிதப் பையை மடித்து மறுநாளைக்கு வைத்துக்கொள்கிறார். "அந்த மணி இனி அவருக்காக அடிக்கவில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை." இப்படி ஒரு வரி.

பத்தொன்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். பதினேழு வயதுப் பெண் இந்த வரியை எழுதமாட்டாள். மேலும், நாம் பல்லாரட்டில் இருந்தபோது, வேலையை விட்ட அந்த மூன்று வாரம் நான் என்ன செய்தேன் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை. காகிதப் பையைப் பற்றி நிச்சயமாகச் சொன்னதில்லை. உன் அம்மா பிற்பாடு யார் மூலமாகவோ தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அவள் நீலிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லத் தெரிந்த ஒருவர் அதை எழுத்தாக்கியிருக்கிறார். வேறு வழியில் இது நடந்திருக்க முடியாது.

நான் ஏன் வேலையை விட்டேன் என்பது உனக்குத் தெரியும். கிரெய்க் வென்னிங் என்ற பையன் கொடுத்த தொகுப்பு அவன் எழுதியது அல்ல என்றேன், கையெழுத்துப் போட மறுத்தேன். அவன் அப்பா பள்ளிக் குழுவில் இருந்தவர். பையனைத் தனி அறையில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். எழுதினான். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டெஸ், கண்ணு முன்னாடி உக்காந்து எழுதிட்டான். இன்னும் என்னதான் வேணும் உனக்கு? போய் ஒரு சாரி சொல்லிட்டு வா" என்றார். அவன் மனப்பாடம் செய்துகொண்டு வந்தான் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே யோசித்துத்தான் செய்திருக்கிறேன். உன் பள்ளிக்கு நேற்று ஒரு கடிதம் அனுப்பினேன். என் பெயர் போட்டுத்தான். மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் அல்ல நான். நவம்பரில் தேர்வு வாரியம் கண்டுபிடித்து எல்லாப் பாடத்து மதிப்பெண்ணையும் ரத்து செய்வதைவிட, இப்போதே பள்ளிக்குள் தீர்ந்துபோவது உனக்கு நல்லது. ஒருநாள் புரிந்துகொள்வாய்.

சோப்பில் குறி அப்படியே இருக்கிறது. எண்ணிக்கைதான் குறைகிறது.

அன்புடன்,
அப்பா

மெல்பர்ன்,
17 ஜூலை 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். துணைத் தலைமையாசிரியர், திருமதி பப்பாஸ், வேறொரு பள்ளியிலிருந்து வந்த ஓர் அம்மாள். மேசையில் ஒரு கடிதம் கவிழ்ந்து கிடந்தது. தாளின் பின்பக்கம் எழுத்து அழுந்தித் தெரிந்தது. உங்களைப் போல யாரும் பேனாவை அழுத்துவதில்லை.

முதலில் அலமாரியிலிருந்து நான்கு வரைவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு வெளியிலிருந்து வந்த அம்மாள் கேட்டார். "எழுத்து உன்னுதுதான்னு தெரியுதும்மா. ஆனா இந்தக் காகிதப் பை, மணி, இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு?"

யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

கிரெய்க் வென்னிங்கின் தங்கை நான் படித்த பெண்கள் பள்ளியில் என் வகுப்பில் இருந்தாள். நீங்கள் சாவியை வைத்துவிட்டு வந்த மறுநாளே என் வகுப்பு முழுவதற்கும் தெரியும். "உங்கப்பா இன்னிக்கு யாரைத் திருடன்னாரு?" என்று மதிய உணவு வரிசையில் கேட்பார்கள். அதனால் நான் பள்ளிக்குப் போகவில்லை. பதினொரு நாள். பேருந்தில் ஏறி, பள்ளி நேரத்தில் யாரும் வராத இடம் என்று நினைத்து, அந்த மைதானத்தின் பார்வையாளர் கூடத்தில் மேல் படியில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்பதே காலுக்கு நம் கார் உள்ளே வந்தது. என்னைப் பிடிக்க வந்துவிட்டீர்கள் என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்கள் இறங்கவே இல்லை.

மறுநாள் வேறு எங்காவது போயிருக்கலாம். போகவில்லை. கீழே இறங்கி வந்து கார்க் கதவைத் தட்டியிருக்கலாம். பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள் என்று பயந்தேன்.

இதை அந்த மூன்று பேரிடமும் சொன்னேன். அன்று மாலை அம்மாவிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்கு நீங்கள் காரில் இருந்ததும் தெரியாது, நான் பள்ளிக்குப் போகாததும் தெரியாது.

பிறகு என்னையும் தனி அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். சந்தேகம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் புகார் பதிவாகிவிட்டதால் கட்டுரையோடு ஒரு வாக்குமூலம் சேர்க்க வேண்டும். அந்த மனிதர் யார், எனக்கு எப்படித் தெரியும் என்பதை எழுதி, அது உண்மை என்று அவரும் கையெழுத்திட வேண்டும். அல்லது வேறு கட்டுரை கொடுக்கலாம். கடைகளை ஞாயிறன்று திறக்கலாமா என்று பிப்ரவரியில் ஒன்று எழுதினேன். அதற்கு பி பிளஸ்தான் வரும் என்கிறார் திருமதி பப்பாஸ். ஆகஸ்ட் 13 கடைசி நாள்.

கையெழுத்துப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தாளை இதோடு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

நரெல்

ஹார்ஷம்,
25 ஜூலை 1993

அன்பு மகள் நரெலுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். யாரோ வந்து எரிவாயு உருளை கேட்டார்கள், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நீ பதினொரு நாள் அப்படித் தனியாக உட்கார்ந்திருந்தாய் என்று நினைக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர்களை அப்போதே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீ சொல்வதை நம்புகிறேன். கையெழுத்தும் போடுகிறேன். உன் ஏ பிளஸ்ஸுக்குக் குறுக்கே நிற்பவன் நான் அல்ல. ஆனால் அது ஒரு சாட்சிக் கையெழுத்து. கண்ணை மூடிக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போட மறுத்ததால்தான் என் வேலையே போயிற்று. உன்னிடம் மட்டும் வேறு நியாயம் வைத்தால் பல்லாரட்டில் நான் செய்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். உன் அம்மா இப்போது எல்லாம் அறிந்திருக்கிறாள், நீல் அதே வீட்டில் இருக்கிறார். கதை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போயிற்று என்று இங்கிருந்து நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஆகவே ஐந்தே கேள்விகள். கட்டுரையில் இல்லாதவை. மேலே உட்கார்ந்திருந்தவளுக்கு எளிதாகத் தெரியும்.

கார் எந்தப் பக்கம் பார்த்து நின்றது? தேநீரை எதில் ஊற்றிக் குடித்தேன்? பின் இருக்கையில் என்ன கிடந்தது? ஒரே ஒரு நாள் காரைவிட்டு இறங்கினேன், எதற்காக? கடைசி வெள்ளிக்கிழமை கூடத்துப் பக்கம் நிமிர்ந்து பார்த்தேன், அப்போது அங்கே நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

பதில் வந்த அன்றே கையெழுத்துப் போட்டுத் தாளை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். அது என் மேசையில்தான் இருக்கிறது. பேனாவும் பக்கத்தில் இருக்கிறது.

மிகுந்த அன்புடன்,
அப்பா

மெல்பர்ன்,
20 ஜனவரி 1994

அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. நன்றி.

ஞாயிற்றுக்கிழமைக் கடைகளைத்தான் கொடுத்தேன். பி பிளஸ் வந்தது. திருமதி பப்பாஸ் சொன்னால் சொன்னதுதான். சட்டத்துக்குப் போதவில்லை. கடல் தாண்டி ஹோபார்ட்டில் வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் கப்பல் ஏறுகிறேன். நீல் துறைமுகம் வரை கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். விடுதி முகவரி அம்மாவிடம் இருக்கும். வேண்டுமென்றால் அவளைக் கேளுங்கள்.

உங்கள் ஐந்து கேள்விகளும் ஜூலையிலேயே வந்து சேர்ந்தன. ஐந்துக்கும் எனக்கு விடை தெரியும். அன்று மாலையே எழுதி, உறையில் போட்டு, அஞ்சல் தலையும் ஒட்டினேன். தெருமுனையில் இருக்கும் தபால் பெட்டி வரைக்கும் போனேன். ஐந்தும் சரியாக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அங்கே நின்று யோசித்துப் பார்த்தேன்.

ஆறாவது ஒன்று கேட்பீர்கள்.

நரெல் டிரான்டர்